நரம்பு போச்சு

பேட்டரி போட்டு வாசிக்கிற பேஸ் கிட்டார் எனக்குப் பிடிக்காது, மாப்பிள்ளை. மற்றபடி யார்மேலும் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அந்த முக்காலியில் உட்காருங்கள். ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது, வேட்டி கிழிந்துவிடப் போகிறது, பார்த்து. ஊரார் சாமானையெல்லாம் சரிசெய்கிறவன் கடையில் அவன் சாமான் ஒன்றாவது உருப்படியாக இருந்து நான் பார்த்ததில்லை.

என் தங்கையை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவள் உங்கள் மனைவி, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் பழைய பேஸுக்கும் புதிய பேஸுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் நான் சொல்வது உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பழையது என்றால் என்னுடையது. இசைக்குழுவில் இருந்த காலம் முழுக்க நான் வாசித்தது. கனத்த மரம், உருட்டுக்கட்டை போன்ற கழுத்து, நான்கு நரம்பு. எல்லோரும் கம்பி என்பார்கள், ஸ்டிரிங் என்பார்கள். நான் மட்டும் நரம்பு என்பேன். "எங்கண்ணன் கிட்டார் ரிப்பேர் பாக்கறதில்ல, ஆபரேஷன் பண்றாரு" என்று தங்கை கேலி செய்வாள். கேலி செய்து செய்தே அந்தச் சொல் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. அறையில் குழல்விளக்கைப் போட்டால்கூடப் பழைய பேஸ் லேசாக உறுமும். அதை நான் குறையாக நினைத்ததே இல்லை. உயிருள்ளது எதுவும் சத்தம் போடாமல் இருக்காது. நரம்புகள் போய் முடிகிற இடத்தில் பளபளவென்று ஓர் இரும்பு மூடி, திருகு போட்டு இறுக்கியிருக்கும். அதற்குள் சத்தத்தை அமுக்க ஒரு துண்டு ஸ்பாஞ்சு. நரம்பின் உயரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த மூடிக்கு அடியில்தான். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கழுத்தையே கழற்ற வேண்டும். தெரிந்தவன்தான் கழற்ற வேண்டும்.

புதியது அவளுடையது. ஐந்து நரம்பு, மெலிந்த கழுத்து, தோளில் மாட்டியதே தெரியாத எடை. உறுமல் கிடையாது. முதுகில் ஒரு சின்னக் கதவு, அதற்குள் பேட்டரி. குமிழைத் திருகினால் இடி மாதிரியும் பேசும், காதோடு காதாகவும் பேசும். கழுத்தைச் சரிசெய்ய நுனியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. ஒரு குச்சியை விட்டுத் திருப்பினால் வேலை முடிந்தது. புதியதில் உள்ள பெரிய கோளாறே அதுதான். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

குழுவை நடத்துகிற டிரம்ஸ்காரர் ஒரு நாள் இந்தக் கடைக்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் முக்காலியில்தான் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க வாசிப்புல ஒரு குறையும் இல்ல. சத்தந்தான் பழசா இருக்கு. உங்க தங்கச்சிய ஒரு நாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். பிரமாதம்ணே. வெளிநாட்டுப் பயணத்துக்கு அவங்களே வரட்டும்."

நான் தலையாட்டினேன். அன்றைக்கு உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நீங்களே பார்த்தீர்கள். தங்கைதான் சரியாகச் சாப்பிடவில்லை. "அண்ணா, உனக்கு வருத்தம்னா சொல்லு, நான் போகல" என்றாள். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், ஆறியிருக்கும். திருப்பித் தருகிறேன் என்று தட்டில் வைத்து நீட்டுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த வாரமே என் பழைய பேஸை அவளுக்குக் கொடுத்தேன். "வீட்டுல இதுல பழகு, மேடையில அத வாசி. பாரத்துல பழகுன கைக்கு லேசானது பூ மாதிரி இருக்கும்" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நீங்கள்தான் அதை வண்டிவரை தூக்கிப்போனீர்கள். "என்ன மச்சான், வீட்டுக் கதவக் கழட்டிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டீர்கள். மூன்று பேரும் சிரித்தோம்.

நான் சொன்னதும் பொய் இல்லை. முதலில் அவள் வாசிப்பு நன்றாகவே ஏறியது. டிரம்ஸ்காரர் என்னிடம் வந்து புகழ்ந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் பழைய பேஸின் மூடியைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வருவேன் அல்லவா, துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று. அவள் எனக்குக் காப்பி போட உள்ளே போவாள். ஆலன் கீ என்கிற சின்னத் திருகுசாவியை விட்டு நரம்புகளைக் கொஞ்சம் தூக்குவேன். கால் திருப்பு. அதற்குமேல் ஒரு நாளும் போனதில்லை. அவசரப்படுவது என் சுபாவம் இல்லை. பிறகு மூடியைப் போட்டு இறுக்கித் துணியால் துடைத்துவிடுவேன், முகம் பார்க்கலாம்போல இருக்கும். தோள்வாரையும் நீட்டிவிட்டேன். அந்தக் கால ஆட்கள் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுத்தான் வாசிப்பார்கள், அதுதான் பார்க்க லட்சணம் என்றேன். அப்படித் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடங்கி நிற்கும். மடங்கிய கையால் உயரமான நரம்பை அழுத்துவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் நானே செய்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அண்ணா, அழுத்தவே முடியல. நரம்பு உசந்துருச்சோ?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நரம்பு இருந்த இடத்துலயேதான் இருக்கு. உன் விரல்தான் சோம்பேறி ஆயிருச்சு. எல்லாம் அந்தப் பேட்டரி குடுக்கற செல்லம்."

அவள் நம்பினாள். என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாள், மாப்பிள்ளை. நான் கொடுத்த பொருளைக் குறை சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து பயிற்சியை இன்னும் கூட்டினாள். குறைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பாள். நான் எதைச் சொன்னாலும் கேட்பாள் என்பதுதான் எல்லாவற்றையும் சுலபமாக்கியது.

பிறகு கை மரத்துப்போகிறது என்றாள். "மரத்தப் புடிச்சு வாசிக்கறவளுக்கு மரத்துப்போகாம?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். டாக்டர் என்றால் ஓய்வெடு என்பார், ஓய்வெடுத்தால் பயணம் கைவிட்டுப் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். தொழிலில் இருப்பவன் சொல்கிறானே என்று நீங்களும் வாயை மூடிக்கொண்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் எனக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், பெருவிரலுக்கு அடியில் இருக்கிற சதை மேடு வற்றிக் குழிவிழுந்திருந்தது. உங்களுக்கு முன்னால், ஏன், அவளுக்கே முன்னால் அதைப் பார்த்தவன் நான்தான். கைகளைக் கவனிப்பது என் தொழில். துடைத்துவிட்டு அவள் காப்பி போட உள்ளே போனாள். நான் மூடியைக் கழற்றினேன்.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாள், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது என்பதே அவளுக்குத் தெரிந்தது. நீங்கள் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனீர்கள். அங்கிருந்துதான் எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, நரம்பு போச்சு."

"போனா என்ன, புதுசு மாட்டிக்கலாம்" என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள். "கிட்டார் நரம்பு இல்லண்ணா. என் கை நரம்பு. லேட்டா வந்துட்டீங்கன்னு சொல்றாங்க." நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்துவிட்டாள். இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் என்றீர்களே. எனக்கு அவள் முதல் வார்த்தையிலேயே புரிந்துவிட்டது, மாப்பிள்ளை. குரல் அப்படி இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்தும் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை நீங்கள்தான் போட்டுவிடுகிறீர்களாம். பழைய பேஸில் ஒயர் சொருகும் துளை கரகரத்தபோது, துக்கத்தில் இருக்கிற மச்சானைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வேறு கடைக்குக் கொண்டுபோனீர்கள். உங்கள் நல்ல மனசு. அந்தக் கடைக்காரன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது வாசிக்கறதுக்கா, துணி காயப்போடறதுக்கா?" என்று கேட்டானாமே. நல்ல வேடிக்கைக்காரன். அவன் சொன்னது சரி. வேலை தெரிந்தவன் யாரும் நரம்பை அந்த உயரத்தில் வைக்கமாட்டான், எனக்கு வேலை தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். அவள் கை போக வேண்டும் என்றுதான் வைத்தேன்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம், தாங்கமாட்டாள். இன்னொன்றையும் நியாயமாக யோசித்துப் பாருங்கள். பொறாமைதான் காரணம் என்றால் அவளுடைய புதிய கிட்டாரையே நான் கெடுத்திருக்கலாமே. அதன்மேல் விரல்கூடப் படவில்லை. பழையது பாரம், அந்தப் பாரத்தைத் தாங்குகிறவர்கள்தான் வாசிக்க வேண்டும். புதியது கைகளைக் கெடுத்துவிடுகிறது. இது இன்று நேற்று வந்த கருத்து இல்லை, என் வாழ்நாள் முழுக்க நான் விட்டுக்கொடுக்காத கொள்கை. அவளால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மூலையில் இருக்கிற கிட்டார் பையைப் பார்க்கிறீர்கள். ஆமாம், அவளுடையதுதான். பயணம் நாளைக்கு. டிரம்ஸ்காரருக்கு அவசரமாக ஆள் வேண்டியிருந்தது, அவளே என் பேரைச் சொன்னாளாம். நீங்கள் அந்தக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தன் புதிய கிட்டாரையும் அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறாள். "அண்ணனுக்கு இது பழக்கமில்ல, கை வலிக்காம பாத்துக்கச் சொல்லுங்க" என்றாளாம். சொன்னபடி நரம்புகளை நன்றாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டேன். பட்டால் போதும், பேசுகிறது. காலையிலிருந்து வாசிக்கிறேன், மணிக்கட்டு நோகவே இல்லை.

பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டேன்.