அவன் பாடாமல் விட்ட சொல்

12.8.1990

அன்புள்ள அம்சம் டீச்சருக்கு,

பூதலூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு வரும் கடிதங்களுக்கு அன்றைக்கே பதில் போட்டுவிடுவேன். மன்னார்குடியில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து வந்த பழக்கம். இதற்கு மட்டும் ஐந்து நாள் ஆகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். அடித்தல் திருத்தல் அதிகமாகிவிட்டது. ஓர் ஆசிரியைக்கு அப்படி அனுப்புவது மரியாதையாக இராது என்று மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

உங்கள் அம்மா காத்தாயி படுக்கையில் விழுந்துவிட்டதாகவும், "என் மவன் எங்கதான் இருக்கான்னு அந்தச் சின்னய்யாவுக்குத் தெரியாம இருக்காது, கேட்டு எழுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் நினைப்பது சரிதான். எனக்குத் தெரியும். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். இருபது வருடமாக யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் இளையபெருமாளும் நானும் 1968-இல் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்தோம். விடுதியில் ஒரே அறை. மூன்றாவது ஆள் கூத்தாநல்லூர் ஜெகபர் அலி. நான் பண்ணை வீட்டுப் பிள்ளை, அவன் எங்கள் பண்ணையாள் மகன் என்பது அலிக்கு முதல் இரண்டு மாதம் தெரியவே தெரியாது. வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். "ஆஸ்டல்ல நான் உனக்கு டா. ஊருக்குப் போனா நீ எனக்குச் சின்னய்யா. நீடாமங்கலம் ஸ்டேஷன்ல எறங்குனதும் எப்படித்தான் மாத்துறதோ" என்று இளையபெருமாள் கேலி செய்வான். ஊரில் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை என்பதால் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

எங்களைச் சேர்த்துவைத்தது பாட்டு. எனக்குக் குரல் கிடையாது. வீட்டில் வாத்தியார் வைத்து ஏழு வருடம் கற்றும் வரவில்லை. சுருதிப்பெட்டி மட்டும் மிஞ்சியது. அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. டீக்கடை ரேடியோவிலும் ஒலிபெருக்கியிலும் கேட்டதுதான். மாலை ஐந்து மணிக்கு மூவரும் மொட்டை மாடிக்குப் போவோம். நான் ஒன்றரைக் கட்டையில் சுருதி வைப்பேன். அலி தன் தகரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் போடுவான். இளையபெருமாள் கண்ணைத் திறந்துகொண்டே பாடுவான். புது ஆற்றுப் பாலத்தில் போகிற மாட்டுவண்டிகளைப் பார்த்தபடியே ஆனந்தபைரவியை இழுப்பான்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மேல் யாரோ எழுதிவைத்த பாட்டு ஒன்று உண்டு. அதை அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பல்லவி 'ஈசனே' என்று முடியும். மற்ற எல்லாச் சொல்லையும் பாடுவான். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு சுரத்தை மட்டும் இழுத்து முடிப்பான். சுரம் இம்மி பிசகாது. சொல் மட்டும் இருக்காது.

"அந்த ஒரு சொல்லுல உனக்கு என்னடா?" என்று கேட்டேன்.

"அதுல ஒண்ணும் இல்ல. அதான் சொல்லல."

"அவன் குடுத்த குரல்டா இது."

"எங்கப்பாரை உங்க களத்துல கட்டிவச்சு அடிச்சுச் சாணிப்பால் குடிக்க வச்சாங்கல்ல, அன்னிக்கு அவன் எங்க போயிருந்தான்? அதுக்குப் பதில் சொல்லு. நான் இப்பவே சொல்றேன்."

"நம்பிக்கை இல்லாம பாடுனா அது வெறும் சத்தம்தான்."

"அப்ப நீ ஏன்டா அழுவுற?" என்றான்.

என் கண்ணில் நீர் இருந்தது உண்மை. அலி பெட்டியைத் தட்டுவதை நிறுத்தாமல், "பாடுறவன் நம்பல, கேக்குறவன் அழுவுறான். இந்தக் கேசுல தீர்ப்பு சொல்ல நம்மளால முடியாது மாப்ளே. சண்டைய முடிங்க, எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு" என்று எழுந்துபோனான்.

ஆட்சி மாறிப் புதிது. அரசாங்க அலுவலகச் சுவரில் சாமி படம் இருக்கலாமா கூடாதா என்று விடுதி முழுக்க விவாதம் நடந்த காலம். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அப்படி இல்லை. அவன் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக எனக்குள் இறங்கின. 1969 கார்த்திகைக்கு ஊருக்குப் போனபோது தீபாராதனை பார்த்தேன். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை. அப்பா பரம்பரை தர்மகர்த்தா. அவருக்குப் பின் கோயில் சாவி எனக்கு வரும். யாரிடம் போய் இதைச் சொல்வது? சாப்பாடு இறங்கவில்லை, படிப்பு ஓடவில்லை. இரண்டு மாதம் யோசித்தேன். அந்தக் குரலில் அந்தச் சொல் ஒரே ஒரு முறை வந்துவிட்டால் எனக்குப் போனது திரும்பிவிடும் என்ற முடிவுக்கு வந்தேன். இதை ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்று நினைக்க வேண்டாம்.

1970 தை அறுவடையில் நடந்தது உங்களுக்கும் தெரியும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கத்தார் வேலையை நிறுத்தினார்கள். அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் கைகலப்பாகி, வந்த ஆட்களில் ஒருவர் இறந்துபோனார். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த உங்கள் அண்ணன் அன்று களத்தில் இல்லை. குளத்தங்கரையில் என்னோடு இருந்தான். முதல் தடவையாக ஊருக்குள் நாங்கள் உட்கார்ந்து பேசியது அன்றுதான். ஆனாலும் போலீஸ் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. எழுதச் சொன்னவர் அப்பா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள். அப்பாவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு நந்தவனச் சுவரேறி என்னைத் தேடி வந்தான். "உன்ன விட்டா எனக்கு ஆளு இல்லடா" என்று என் கையைப் பிடித்தான்.

அப்போது கோயிலில் திருப்பணி. கும்பாபிஷேகத்துக்கு முன்பு சாமியின் சக்தியைக் கலசத்தில் இறக்கி வெளியே ஒரு கொட்டகையில் வைத்துவிடுவார்கள். பாலாலயம் என்று பெயர். வேலை முடிகிறவரை பூசையெல்லாம் அங்கேதான். பெரிய கோயில் பூட்டிக் கிடக்கும். வெளியிலிருந்து கல்லும் மணலும் சுமந்துவந்து போடுகிறவர்களும் சேரிக்காரர்கள்தானே, போராட்டத்தில் திருப்பணியும் நின்றுபோயிருந்தது. அங்கே யாரும் வர மாட்டார்கள். வடக்குப் பிரகாரத்தில் வாகனங்கள் வைக்கும் அறையில் அவனை வைத்தேன். கருங்கல் சுவர். மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம்.

உள்ளே போனதும் சிரித்தான். "உங்க சாமி வீட்டக் காலி பண்ணிட்டுக் கொட்டகைக்குப் போயிருச்சு. சேரிக்காரன் நான் உள்ள வந்துட்டேன். நல்ல ஏற்பாடுடா."

வெளியே பூட்டு தொங்கினால்தான் சந்தேகம் வராது என்றேன். "பூட்டு" என்றான்.

மூன்றாம் நாள் மாலை மன்னார்குடியில் அலியின் மாமா லாரி நிற்கும், அதில் ஏறி அவன் மதராஸ் போய்விட வேண்டும் என்று பேசியிருந்தோம். மறுநாள் காலை அவனுக்குச் சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போய் அலியைப் பார்த்தேன். "லாரி வேணாம். அவன் நேத்தே ரயில் ஏறிட்டான்" என்றேன். அலி என் தோளைத் தட்டினான். "நல்லதாப் போச்சு மாப்ளே. போய்ச் சேந்ததும் கடுதாசி போடச் சொல்லு." இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் இதுதான்.

மூன்றாம் நாள் சோறு கொண்டுபோகவில்லை. சுருதிப்பெட்டியைக் கொண்டுபோனேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து சுருதி வைத்தேன்.

"லாரி வந்துருச்சா?"

"பல்லவிய முழுசாப் பாடு. திறக்குறேன்."

விளையாட்டு என்று நினைத்துப் பாடினான். குரல் நன்றாகவே இருந்தது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்காம் நாள், "வெளாடாதடா. தண்ணி குடு" என்றான்.

"ஒரே ஒரு சொல்லுடா."

"இங்க உன் சாமியே இல்லையேடா. கொட்டகையில இருக்கு. நான் யாரைக் கூப்பிடறது?"

நியாயமான கேள்வி. நான் வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் அதை யோசித்தேன். இல்லாத இடத்தில் கூப்பிட்டாலும் கேட்கும் என்று நினைப்பதுதானே நம்பிக்கை. அதை மறுநாள் அவனிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

சொல்லத் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு என் காலடி கேட்டதுமே, சுருதி வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். பாதி காற்றாகத்தான் வந்தது. அந்த இடத்துக்கு வந்தான். 'ஈசனே' என்றான். ஒன்பது தடவை சொன்னான், எண்ணினேன். பிறகு, "சொல்லிட்டேன்டா. போதுமா? திற" என்றான்.

சாவியை எடுத்துப் பூட்டில் போட்டேன். அந்தப் 'போதுமா' என்னைத் தடுத்தது. நம்புகிறவன் போதுமா என்று கேட்க மாட்டான். சுருதியும் இறங்கியிருந்தது. இது தண்ணீருக்காகச் சொன்ன சொல். திறந்தால் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். அதற்கப்புறம் எனக்கு எதுவும் மிஞ்சாது. எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அசையவில்லை. சாவியை வெளியே எடுத்தேன்.

"இது இல்லடா. இன்னொரு தடவ மனசாரச் சொல்லு."

அவன் கதவில் அடித்தான். நெடுநேரம் அடித்தான். பிறகு பேசினான். தன் அப்பாவை அடித்ததைப் பற்றிச் சொன்னதெல்லாம் தப்பு என்றான். போலீசிலேயே ஒப்படைத்துவிடு என்றான். அரையாண்டுத் தேர்வில் நீங்கள் முதலாவதாக வந்ததைச் சொல்லி, "அம்சத்தப் படிக்க வைக்க வேற ஆளு இல்லடா" என்றான். அது என் மனதில் தங்கிவிட்டது. பிற்பாடு உங்களுக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கேட்டு நான் சிபாரிசுக் கடிதம் எழுதியது அதனால்தான். அவன் கேட்ட எதையும் நான் தட்டியதில்லை.

ஆறாம் நாள் கொஞ்ச நேரம் பாடினான். என் பாட்டு அல்ல. எனக்குத் தெரியாத வேறொன்று. ஏழாம் நாள் சத்தமில்லை. எட்டாம் நாள் திறந்தேன். கதவுக்கு அருகிலேயே இருந்தான். ஒரு கை கதவின் கீழ் இடுக்கில் இருந்தது.

அந்த அறையின் தளக்கற்களைத் திருப்பணிக்காகப் பெயர்த்து வைத்திருந்தார்கள். அடியில் ஆற்று மணல். தோண்டுவது கடினமாக இல்லை. வடகிழக்கு மூலை, ரிஷப வாகனத்தின் பீடத்திலிருந்து மூன்றாவது கல். சித்திரையில் கொத்தர்கள் வந்து தளம் பாவினார்கள். வைகாசியில் கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. கோயிலுக்குள் ஒரு சடலத்தை வைத்துக்கொண்டு கலசத்துக்கு நீர் ஊற்றியது சாஸ்திரப்படி பெரிய தவறு. அந்த ஒன்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

பம்பாயிலிருந்து உங்கள் அம்மாவுக்கு வந்த இரண்டு கார்டுகளும் நான் எழுதியவை. அங்கிருந்த எங்கள் உறவினர் விவரம் தெரியாமல் தபாலில் சேர்த்தார். ஒன்றரை வருடம் ஒரே நோட்டில் பாடம் எழுதியதால் அவன் கையெழுத்து எனக்கு வரும். மூன்றாவது கார்டும் எழுதினேன். அவன் பேச்சு அதில் சரியாக அமையவில்லை, அனுப்பவில்லை.

பூட்டியவன் நான். சாவி கையில் இருந்தும் திறக்காதவன் நான். கொன்றவன் என்று எழுதினால்தான் செல்லும் என்றால், கொன்றவன் நான். தேதியும் முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதை நீங்கள் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். நான் ஊரைவிட்டு எங்கும் போகமாட்டேன். அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு ஓர் உதவி மட்டும் வேண்டும். ஆறாம் நாள் அவன் பாடியதை அன்றே சுரப்படுத்தி வைத்தேன். தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நாற்றுமுடி என்றும், சேறு என்றும், "ஆத்தா" என்றும் வருகிறது. உங்கள் அம்மா நடவில் பாடுகிற பாட்டாக இருக்கலாம். நாலு அடி தெளிவாகக் கேட்டது. பிறகு உதடு அசைகிற சத்தம் மட்டும்தான். அம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுச் சொல்லுங்கள்: அந்த நாலு அடிக்கு அப்புறம் எங்காவது சாமி பேர் வருகிறதா? எந்தச் சாமியாக இருந்தாலும் சரி. இருபது வருடமாகக் கொட்டகையிலும் கோயிலிலும் நின்று பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்த்திருப்பேன்.

அன்புடன்,
வைத்திலிங்கம்