சட்டைப் பையில் ஒரு மட்டி

சாரம் நிறுத்தத்தில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு முன் இருக்கைப் பெண் ஒரு மட்டி ஓட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கணவனிடம் கேட்டாள்.

“இது உன் சட்டைப் பையில எப்படி வந்துச்சு?”

“தட்டாஞ்சாவடில, கம்பெனி வாசல்ல ஆத்து மணல் கொட்டியிருந்தாங்க. அதுல கெடந்துச்சு.”

“ஆத்து மட்டி கறுப்பா இருக்கும். இது வெள்ளையா, வரி வரியா இருக்குது. கடல் மட்டி. ரெண்டு ஓடும் இன்னும் ஒட்டிக்கினு இருக்குது, கவுச்சிகூட போவல.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்து போனது. நான் இறங்கவில்லை.

“கம்பெனிய மூடி பத்து நாளாச்சு. தெனமும் பீச்சுலதான் குந்திக்கினு இருக்கேன்.”

அவள் ஓட்டை மூடினாள்.

“நான் கட்டிக் குடுத்த சோத்த அந்த வெயில்லயா குந்தித் துன்னே?”