வராதவள் பெயருக்கு வந்த பதில்

காலை எட்டேகால் மணி. குருண் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் செம்பனைத் தோட்டச் சாலை. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை... பேய்க் கதை என்றால் நடுச்சாமத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். மலையடிவாரத்தில், ஆற்றோரமாக வாடகைக்கு எடுத்திருந்த பலகை வீடு. நாங்கள் எட்டுப் பேர். ஒரே தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். எங்கள் வகுப்பில் மொத்தமே எட்டுப் பேர்தான். எட்டும் வந்தாயிற்று.

"டேய் புவன், லைட்ட மட்டும் அணைக்காத லா" என்றாள் அமண்டா. அவள் ஏற்கெனவே போர்வைக்குள் போய்விட்டாள்.

"அணைக்கல. ஆனா ஒன்னு... நாளைக்கு நாம போற அருவியப் பத்திதான் சொல்றேன். கேட்டுட்டு யாருக்காச்சும் பயமா இருந்தா இப்பவே காடிய எடுத்துட்டுக் கெளம்பிருங்க. காலையில வந்து வயித்த வலிக்குதுன்னு சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஒருவரும் எழவில்லை. சொன்னேன்.

நம் ஜோனதனின் அக்கா அகத்தாவை எல்லோருக்கும் தெரியும். புக்கிட் செலம்பாவில் வீடு. சனிக்கிழமைகளில் அருவிக்கு ஆள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது தொழில். எட்டு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார். பெருமைக்குக் காரணம் உண்டு. அவர் வேலை செய்யும் விதம் அப்படி. பாறையில் ஏறும் முன்பே எல்லோருக்கும் மிதவைச் சட்டை. சட்டையின் முதுகில் எண். காட்டுக்குள் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. இது அவர் கண்டுபிடித்தது இல்லை, இந்தப் பக்கம் காட்டுக்குள் போகிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். என்ன, மற்றவர்கள் தெரிந்துகொண்டே மறந்துவிடுவார்கள். அக்கா மறக்க மாட்டார்.

அன்று வந்தவர்கள் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை செய்பவர்கள். தமிழர், மலாய்க்காரர், இரண்டு நேப்பாளிகள். பதினாறு பேர் வருவதாக ஏற்பாடு. பதினைந்து பேர்தான் வந்தார்கள். லோகேஸ்வரி என்ற பெண், மூன்று வயதுப் பையனுக்குக் காய்ச்சல் என்று விடியற்காலையில் செய்தி அனுப்பிவிட்டாள். லைன் லீடர் சத்தியசீலன். நல்ல மனிதர். தினமும் ஏழு மணிக்கு வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். தாள் பார்க்க மாட்டார். பதினாறு பெயரும் மனப்பாடம். கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் "அடா" என்பார்கள். மலாயில், இருக்கிறேன் என்று சொல்வது.

மதியம் வரைக்கும் ஒன்றும் இல்லை. குளித்தார்கள், பாறையில் வழுக்கினார்கள், பொட்டலம் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டார்கள். ஒரு மணி இருக்கும்... தண்ணீர் நிறம் மாறியது. மேலே எங்கோ மழை. அக்கா விசிலை ஊதினார். எல்லோரும் அடித்துப் பிடித்துக் கரையேறினார்கள். ஏறிய இரண்டாவது நிமிடம் மரக்கிளைகளோடு வெள்ளம் இறங்கியது. காது அடைக்கும் இரைச்சல். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை, தெரியவில்லை. அக்கா எண்களைச் சொல்லத் தொடங்குவதற்குள் சத்தியசீலன் பயத்தில் வாயைத் திறந்துவிட்டார். ஏழு வருடப் பழக்கம். ஒரே மூச்சில், வரிசையாக, பெயர்கள்.

அடா. அடா. அடா.

ஒன்பதாவது யோகேஸ்வரன். அடா. பத்தாவது... நிறுத்த வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. "லோகேஸ்வரி!"

"அடா."

அருவிக்குப் பின்னாலிருந்து. தண்ணீர்த் திரைக்கும் பாறைக்கும் நடுவிலிருந்து. அவள் குரலேதான்.

யோகேஸ்வரன்தான் முதலில் பேசினான். "அண்ணே... லோகா வரலியே." அப்போது ஒரு வாடை வந்தது. புளித்துப்போன ரப்பர் பால் வாடை. அந்தப் பக்கம் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவிடவில்லை. எண்ணைச் சொல்லி ஒவ்வொருவராகக் கீழே இறக்கினார். 

திங்கட்கிழமை ஏழு மணி. சத்தியசீலன் பெயர் கூப்பிடுகிறார். லோகேஸ்வரி பத்தாவது இடத்தில் நிற்கிறாள். கூப்பிட்டார்... அவள் பேசாமல் நின்றாள். இன்னொரு முறை கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவள் இடித்த பிறகு, "என்னா?" என்றாள். காது நன்றாகக் கேட்டது. 'அம்மா' என்றால் திரும்பினாள், 'ஏய்' என்றால் திரும்பினாள். அவள் பெயர் மட்டும் அவளுக்கு விழவில்லை. சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் காட்டினார்கள். வாசித்தாள். அடுத்த நொடி, "யாரோட டேக் இது?" என்று கேட்டாள்.

அது மட்டும் என்றால் போகட்டும், டாக்டரிடம் காட்டலாம் என்று இருந்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கணவன் கூடத்திலிருந்து, "லோகா!" என்று கூப்பிட்டான். அவள் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பதில் குளியலறையிலிருந்து வந்தது. "அடா." அந்தச் சின்னப் பையன், அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தான். அப்பன் பாய்ந்து தூக்கினான். உள்ளே யாரும் இல்லை. தரை முழுக்கச் சருகு மிதக்கும் தண்ணீர்.

"போதும் லா..." என்றான் அந்தோணிதாஸ்.

"போதாது. கேளு" என்றேன். எனக்கு எரிச்சல். பயமுறுத்துவதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

ஆளாளுக்கு ஒரு யோசனை. சாமியார் வந்து ஜெபித்தார். அவர்கள் தெருக் கடைக்காரர் நடராஜா அவள் கையில் கயிறு கட்டிவிட்டார். இன்னொருவர் வீட்டை மாற்றச் சொன்னார். அகத்தா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "யாரு வூட்டுப் பொண்ணு பேர யாரு வச்சிக்கிறது? நான் கொண்டுபோன டிரிப்பு. நான்தான் முடிக்கணும். சனிக்கிழமை எல்லாரும் வர்றீங்க. பதினாறு பேரும். ஒரு ஆளு கொறஞ்சாலும் வரிச ஒடஞ்சி போயிரும்."

இரண்டு பேர் வர மாட்டேன் என்றார்கள். அக்கா அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மழையிலும் எழவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பெண்களே ஆண்களைத் திட்டி அனுப்பிவைத்தார்கள்.

அக்காவின் கணக்கு எளிமையானது. பெயரைக் கூப்பிட்டபோது உடையவள் இல்லை, அதனால் அருவிக்குப் பின்னால் இருப்பது அதை எடுத்துக்கொண்டது. உடையவள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் பெயர் திரும்பிவிடும். ஆனால் பெயரே காதில் விழாதவள் எப்படி முந்துவாள்? அதற்குத்தான் வரிசை. ஏழு வருடமாக யோகேஸ்வரன் "அடா" சொன்னதும் அடுத்தது அவள். அது காதில் இல்லை, உடம்பில் இருக்கிறது.

அதே பாறை. அதே ஒரு மணி. பதினாறு பேரும் தொழிற்சாலையில் நிற்பதுபோல் நின்றார்கள். சத்தியசீலன் தொடங்கினார். ஒவ்வொரு பெயராக... எட்டு... ஒன்பது.

"யோகேஸ்வரன்!"

"அடா!"

"லோகேஸ்வரி!"

"அடா!" அவள்தான். தொண்டை கிழியக் கத்தினாள். அருவிக்குப் பின்னாலிருந்தும் வந்தது, இமைக்கும் நேரம் பிந்தி. பிந்திவிட்டது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "அண்ணே... இன்னொருக்கா கூப்புடுங்க. காதுல விழுந்த மாதிரி இருக்கு." கூப்பிட்டார். அவள் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள். சத்தியசீலனும் அழுதார். அழுதுகொண்டே மீதி ஆறு பெயரையும் கூப்பிட்டு முடித்தார். முடிக்காமல் விடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இன்றைக்கு உங்களைக் கூட்டியிருக்க மாட்டேன்.

எல்லோரும் பையை எடுக்கிறார்கள். அருவிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சத்தியசீலனின் குரல். அவர் இங்கே நிற்கிறார்... வாய் மூடியிருக்கிறது. அது பெயர் கூப்பிடத் தொடங்கியது. முதல் பெயரிலிருந்து, வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு அடுத்தது. பதினாறு பேரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழக்கம் தொண்டை வரைக்கும் வந்து முட்டுகிறது. யோகேஸ்வரன் தன் கையையே கடித்துக்கொண்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதினாறும் முடிந்தது. பிறகு, "அகத்தா."

அக்கா வாயைப் பொத்தவில்லை. முன்னால் போய் நின்றார். "அடா! இருக்கேன். என்னா இப்ப? பேரு புடிக்க வேற ஆளு கெடைக்கலியா ஒனக்கு?" காலில் இருந்த சிலிப்பரைக் கழற்றி அருவியின் முகத்தில் வீசினார். சிரிக்கக் கூடாத நேரம்தான், ஆனாலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அக்காவுக்கே சிரிப்பு வந்தது.

அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும்.

"ஜோனதன்."

ஜோனதன் அப்போது அங்கே இல்லை. சுங்கைப்பட்டாணியில் காடி கழுவிக்கொண்டிருந்தான். அக்கா கத்தினார்... அவன் இல்லை, அவன் பெயரை விடு என்று. விசிலை ஊதினார், கல்லை எடுத்து அடித்தார். கூப்பிட்ட குரலே கொஞ்சம் பொறுத்துப் பதிலும் சொன்னது. "அடா."

நான் நிறுத்தினேன்.  ஏழு பேரில் ஆறு பேர் ஒருவனையே பார்த்தார்கள். சம்மணம் போட்டு, மடியில் கச்சான் கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன்.

"கடைசியா சொன்னது என் பேருதானே?" என்றான்.

"ஆமாண்டா."

"கேக்கல." கச்சான் ஒன்றை உடைத்தான். "பதிமூனு நாளாச்சு. அக்காகூட பேசுனேன், வெளிய புவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். வூட்டுல எம் பொண்டாட்டி இப்ப என்னயப் பேரு சொல்லிக் கூப்புடுறதே இல்ல. கூப்புட்டா யாரு வர்றான்னு பயம். அவ ஏழு மாசம் வேற. அதான்."

அமண்டா போர்வையை உதறிவிட்டு எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கோபமாக என்னைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடா ஒனக்கு?"

"மொதல்ல சொன்னா பாவப்பட்டு வருவீங்க. பாவம் பாக்குறவன் அங்க நிக்க மாட்டான். ஓடிருவான்."

தொழிற்சாலை வரிசையில் ஜோனதனுக்கு இடம் இல்லை. அவன் இடம் எங்கள் வரிசையில். வாத்தியார் தாமதமாக வரும் நாளில் வகுப்புத் தலைவனான நான்தான் பெயர் கூப்பிடுவேன். அமலன், அமண்டா, அந்தோணிதாஸ், அடுத்து அவன், பிறகு மீதிப் பேர். ஆறு வருடம். இருபது வருடத்துக்கு முந்தியது, அது இன்னும் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அகத்தா அக்கா வேனோடு வருவார். அதற்குள் பழக வேண்டும்.

"எந்திரிங்க. நில்லுங்க" என்றேன்.

நின்றார்கள். முப்பதைத் தாண்டிய ஆட்கள், யாரும் சொல்லாமலே அவரவர் இடத்துக்குப் போய் நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

"அமலன்!"

"உள்ளேன் ஐயா!"

"அமண்டா!"

"உள்ளேன் ஐயா!"

"அந்தோணிதாஸ்!"

"உள்ளேன் ஐயா!"

"ஜோனதன்!"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் ஆற்றுப் பக்கம், இருட்டிலிருந்து, பதில் வந்துவிட்டது. அடா என்று இல்லை. "உள்ளேன் ஐயா." ஏழு வயதுப் பையனின் குரல். முன்பல் விழுந்த வருடம் ஜோனதன் பேசிய மாதிரி, காற்று கலந்து.

அமண்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் காடிச் சாவியைத் தேடவில்லை.

"மறுபடியும்" என்றேன். "மொதல்லேர்ந்து."

இந்த முறை அந்தோணிதாஸ் கூரைத் தகரம் அதிரும்படி கத்தினான். ஜோனதனும் முந்தப் பார்த்தான், ஒரு மயிரிழைதான் பிந்தினான். ஆனால் முந்திய அந்தப் பையன் குரல் ஆற்றிலிருந்து வரவில்லை. எங்கள் பலகைத் தரைக்கு அடியிலிருந்து வந்தது, என் பாதத்துக்கு நேர் கீழே. இடுக்கு வழியாக ஈரம் ஏறிக் கால் சில்லிட்டது.

நான் காலைத் தூக்கி, அந்தப் பலகையை ஓங்கி மிதித்தேன்.

"அமலன்!" என்றேன்.