மஞ்சள் தண்ணீரும் மின்சார ஓட்டோவும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

"போனமுறை ஐயர் தெளிச்ச மஞ்சள் தண்ணிதானே அண்ணா பெட்டியைச் சாக்காட்டினது?"

என் காது அங்கே போய்விட்டது. பழைய பெட்ரோல் ஓட்டோவைக் கரண்டில் ஓட மாற்றியிருக்கிறார்களாம். மோட்டாரை இயக்கும் சீனப் பெட்டி முதல் பூசையிலேயே நனைந்து போய்விட்டதாம்.

"திருத்தித் தரமாட்டம், புதுசு வாங்கு எண்டாங்கள் வித்தவங்கள். திறந்து பார்த்து, தண்ணி போகாத மாதிரி நானே ஒண்டு செய்தன்" என்றாள் தங்கை.

"அதை நம்பித்தான் நான் வேலையை விட்டிட்டு உன்னோட இந்தத் தொழிலுக்கு வந்தனான். இண்டைக்கும் நிண்டுதெண்டா, உன்ர வீட்டிலதான் எனக்குச் சாப்பாடு."

"சமைக்கிறது நீங்கள்!"

புதுப் பெட்டிக்கான பூசைக்கு, தங்கையின் கணவர் நல்ல நேரம் தப்பாமல் ஓட்டோவுடன் முன்னமே கோயிலுக்குப் போய்விட்டாராம். இவர்களின் பஸ்ஸோ பம்பலப்பிட்டி நெரிசலில் நின்றது. தங்கையின் போன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, ஐயர் தெளிச்சிட்டாரோ? பெட்டியிலயும் பட்டதோ? இப்ப ஓட்டிப் பாருங்கோ."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் முருகா என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"அண்ணா, ஓடுது! கோயிலை ஒருக்காச் சுத்தி வந்திட்டாராம்! இனி ஒருத்தரிட்டையும் பெட்டி கேக்கத் தேவையில்லை!"

அண்ணன் போனைப் பறித்தார்.

"மச்சான், ஐயரை இன்னொரு செம்பு ஊத்தச் சொல்லடா!"