வண்டி மை

யுத்தத்துக்கு முந்தின வருஷம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ரயில். எதிர்ப்பலகையில் ஒரு பெரியவரும், முழங்கையில் கட்டுப் போட்ட காக்கிச் சட்டைக்காரரும். காக்கிச் சட்டைக்காரர் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“என் ரேஸ் காருக்கு மாட்டு வண்டி ஆசாரிதாங்க உயிர் குடுத்தாரு.”

“போன பந்தயத்துல கவுந்துச்சே, அதுவா?”

“அதேதான். நசுங்கின தகரத்தைப் பிச்சுட்டு மரத்துலயே புது பாடி கட்டிட்டாரு. முன்னைக்கு இப்போ லேசு. கூட்டாளிங்க நாலு பேரு அறுப்பை வுட்டுட்டு வந்து தூக்கிப் புடிச்சாங்க.”

“அப்புறம் கையில ஏன் கட்டு?”

“ஆசாரி ஆசையா சக்கரத்துக்கெல்லாம் வண்டி மை போட்டாரு, வைக்கோல் கரியும் வெளக்கெண்ணெயும் கொழைச்சு. பிரேக்குக்கும் சேத்து.”

“ஐயையோ!”

“ஓட்டிப் பாக்கறப்போ அவரும் பக்கத்துல குந்திக்கினு இருந்தாரு. மிதிச்சா நிக்கல. நேரா மல்லாட்டைக் கொல்லைக்குள்ள பூந்து, கடலைச் செடி மேல போய் நின்னோம்.”

“நல்லா திட்டினியா?”

“எப்படிங்க திட்டறது? மண்ணைத் தட்டிக்கினே, ‘நான் எதுனா தப்பா கட்டிட்டேனா’ன்னு கேட்டாரு. நான்தான் பிரேக்கை மிதிக்க மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்.”

“மை?”

“அவரு சாப்புடப் போனப்போ தொடைச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை பந்தயம். பக்கத்து சீட்டு அவருக்குதான்.”