தையல் டீச்சர் வைத்த அகலக் கதவு

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பிசியோதெரபி டாக்டர் அவர்களே, மேடைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாகக் கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் டிங்கர் அண்ணன் அவர்களே, கடல் தாண்டி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் மகனே, டீச்சரிடம் ஊசியில் நூல் கோர்க்கக் கற்றுக்கொண்டு இன்று அவரவர் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மாணவிகளே, எங்கள் தெருக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தப் பூகோள டீச்சரின் வணக்கம்.

என்னைத் தையல் டீச்சரின் ‘தோழி’ என்று சொல்லி அழைத்தார்கள். அது முழுக்கச் சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் என் வகுப்பறைக்கு அடுத்த அறை தையல் அறை. நான் நதிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். வீடும் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. இவ்வளவு அருகில் இருந்தும், தையல் டீச்சர் தன் மனதைத் திறந்து என்னிடம் பேசியது மிகக் குறைவு. யாரிடம்தான் பேசினார்? இந்த அரங்கத்தில் ஒருவராவது எழுந்து, என்னிடம் பேசினார் என்று சொல்ல முடியுமா? ஆகவே நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவருடைய கணவரை சர்வேயர் சார் என்று நம்மில் பலருக்குத் தெரியும். ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனிதர். ஆள் நெட்டை, வைத்திருந்ததோ குட்டிக் கார். உருண்டை விளக்கும் வளைந்த முதுகுமாக, நான்கு கதவு இருந்தும் நான்கு பேர் நிம்மதியாக உட்கார முடியாத அந்தக் காலத்துக் கார். அளவுகோல் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்க, முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்க அவர் போவதைப் பார்த்து, “இவர் காரை ஓட்டறாரா, சட்டை மாதிரி மாட்டிக்கிட்டிருக்காரான்னு எனக்கே சந்தேகம்” என்று டீச்சர் சொல்வார். அவர் கேலி பேசிய காலம் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பிறகு சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் அவர் சொல் கேட்பதை நிறுத்திவிட்டன. கால் கட்டை போல விறைத்துப்போனது, முட்டி மடங்கவில்லை. மருத்துவமனைக்குப் போக டாக்சி வரும். இரண்டு ஆட்கள் அவரை மடக்கி, திருப்பி, தலையை அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பியபோது அவர் நெற்றியில் ஒரு வீக்கம். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாய் கொஞ்சம் குழறினாலும் தெளிவாகத்தான் சொன்னார்: “இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாத. மூட்டை ஏத்தற மாதிரி ஏத்தறாங்க.”

அதன்பிறகு அவர் வெளியே வரவில்லை. ஊரை அளந்தவருக்கு ஒரு ஜன்னல்தான் மிச்சம். கார் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த ஷெட்டில் கிடந்தது. கூரை ஒழுகி, கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரம் துருப்பிடித்து, விரலால் குத்தினால் உள்ளே போகும் நிலைக்கு வந்துவிட்டது.

டீச்சர் என்ன செய்தார்? பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவுடன் அந்த ஷெட்டுக்குள் போனார். கதவை அளந்தார். சாரின் தோளை அளந்தார், நீட்டிய காலை அளந்தார். “கார் சின்னதா இல்லங்க. கதவுதான் இறுக்கம். பிரிச்சுத் தைக்கலாம்” என்றார்.

டிங்கர் அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்ததை அவரே மறுக்கமாட்டார். “டீச்சர், இது ஜாக்கெட் இல்ல. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவுல இருக்கற தூணை எடுத்தா, வண்டி நடுவுல தொங்கிடும்.”

“எடுக்கச் சொல்லலண்ணே. ஒரு ஜாண் பின்னால நகர்த்தணும். முன்கதவு அந்த ஒரு ஜாண் வளரணும்.”

“அந்தப் பக்கத்துப் பின்கதவு?”

“அதை மூடித் தைச்சிடலாம். பின்னால யாரு உக்காரப் போறாங்க?”

பழைய இரும்புக் கடையிலிருந்து அதே ரகக் காரின் கதவு ஒன்றை வாங்கி வந்தார்கள். டீச்சர் பழுப்புக் காகிதத்தைக் காரின் மேல் விரித்து, நகத்தால் நீவி, வளைவு வளைவாக வெட்டினார். அதைத் தகரத்தில் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். தூணை அறுப்பதற்கு முன், வண்டி உருக்குலையாமல் இருக்கக் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டங்களை அண்ணன் பற்றவைத்துக் கொடுத்தார். தூண் வேலை அவருடையது. கதவும் கீழ்த்தகரமும் முழுக்க டீச்சருடையது. அண்ணனிடம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு அவர் முதலில் பற்றவைத்த துண்டுகளில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்து அப்பளமாகிவிடும். பிறகு தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். துணியை முதலில் அங்கங்கே ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துவோமே, அதுபோல இங்கே ஒரு பொட்டு, ஆற விட்டு அங்கே ஒரு பொட்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து போகவே இல்லை. தட்டி, தேய்த்து, பட்டி பூசி, உப்புத்தாளால் மறுபடி தேய்த்து, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண் விட்ட பள்ளத்தைக் கை பிடிக்கும்.

சர்வேயர் சார் சக்கர நாற்காலியில் ஷெட் வாசலில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணல் பார்ப்பார்.

“கொஞ்சம் மேல.”

“இவ்வளவா?”

“இல்ல, உன் பக்கம் மேல. என் பக்கம் சரியாத்தான் இருக்கு.”

“உங்க பக்கம் என்னிக்குத்தான் தப்பா இருந்திருக்கு?”

அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். கதவு முடிந்ததும் எங்கே போகலாம் என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். மலை, கடல் என்று ஏதாவது சொல்வார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். “எங்கயும் வேணாம். நம்ம தெருவைத் தெருவுல இருந்து பாக்கணும்” என்றார் சார்.

அதைப் பார்க்காமலே போய்விட்டார். ஒரு விடிகாலையில், தூக்கத்தில். அப்போது அந்தக் காரின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. ஓர் ஆள் கால் நீட்டி உட்காரும் அகலத்துக்கு வெட்டிய வாசல், குறுக்கே சட்டங்கள், கதவு இல்லை. அந்த வாசல் யாருக்காக வெட்டப்பட்டதோ அவர் இல்லை.

எல்லோரும் நல்லதைத்தான் சொன்னோம். காரைக் கொடுத்துவிடுங்கள் என்றோம். பழைய தூணையே இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்றார் அண்ணன். மகன் தொலைபேசியில் கேட்டார்: “அம்மா, இனிமே யாருக்காக இதெல்லாம்?” தம்பி, அதற்கு உங்கள் அம்மா சொன்ன பதில் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். “வெட்டின துணியைத் தைச்சுத்தானே ஆகணும், கண்ணா.”

அன்பார்ந்தவர்களே, கார்க் கதவை மாட்டுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் கதவைத் தூக்கி அசையாமல் பிடிக்க வேண்டும், மற்றவர் கீலில் போல்ட்டை முடுக்க வேண்டும். அதுவும் இது ஒன்றரைக் கதவு. ஒரு மதியம், துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். ஷெட்டிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. “கொஞ்சம் மேல. இன்னும் கொஞ்சம். போதும், அப்படியே பிடிங்க.” உதவிக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பார்க்கலாமே என்று இறங்கிப் போனேன்.

உள்ளே வேறு யாரும் இல்லை. சர்வேயர் சாரின் சக்கர நாற்காலி மட்டும் காரை ஒட்டி நின்றது. அதன் மேல் தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் கதவை நிறுத்தி, முறுக்கிய பெட்ஷீட்டால் கூரைக் கட்டையோடு கட்டியிருந்தார். நாற்காலியை அரை அங்குலம் தள்ளுவார், போல்ட் துளை பொருந்துகிறதா என்று பார்ப்பார், மறுபடி தள்ளுவார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

“யாரோட பேசறீங்க டீச்சர்?” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். முகத்தில் வெட்கமும் இல்லை, கண்ணீரும் இல்லை. “கதவோட” என்றார். போல்ட் அந்த நேரம் உள்ளே இறங்கிவிட்டது. நாற்காலியின் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு, ஸ்பேனரை எடுத்தார்.

வண்டியைப் பரிசோதிக்கும் அலுவலகத்தில் முதல்முறை திருப்பி அனுப்பினார்கள். கூரையில் இன்னொரு சட்டம் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான் என்று சொல்லி அதையும் வைத்தார். அனுமதி கிடைத்தது. இளம்பச்சை வண்ணம் அடித்தார். முதல்நாள் எங்கள் தெருவில் மட்டும் ஓட்டினார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், நடந்து போகிறவர்கள் முந்திப் போகும் வேகத்தில். பக்கத்து இருக்கை காலி. அவர் எதைப் பார்த்தார், யாருக்காகப் பார்த்தார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அதன்பிறகு வந்ததைத்தான் ஊர் அறியும். இடுப்பு எலும்பு முறிந்த போஸ்ட்மேன் ஐயாவை, பேருந்துப் படியில் ஏற்ற முடியாமல் நிறுத்தத்தில் ஆட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வண்டியை நிறுத்தி, இறங்கி, அந்தக் கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான். ஐயா பின்னோக்கி உட்கார்ந்து, காலைத் தானே உள்ளே எடுத்துக்கொண்டார். யாரும் அவரைத் தொடவில்லை. அந்த வாரத்திலிருந்து அவரைப் பிசியோதெரபி கிளினிக்குக்குக் கொண்டுபோவது டீச்சரின் வேலையாயிற்று. பிறகு மூட்டு மாற்றிக்கொண்ட பாட்டு டீச்சர். பிறகு, ஒரு காலை எடுத்துவிட்ட பேக்கரிக்காரரின் மனைவி. அந்த அம்மா ஏறியதும், “கிளினிக்கெல்லாம் அப்புறம். முதல்ல செருப்புக் கடைக்குப் போங்க. ஒத்தச் செருப்பு தருவானான்னு கேக்கணும்” என்றாராம். டீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை, சார் போனபிறகு கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாதான். அவர் இங்கே இருக்கிறார். இப்போதும் சிரிக்கிறார், அழுதுகொண்டே.

எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள்! இறங்கியவர்கள் எல்லோரும் உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தார்கள். “வண்டி வெளிய நிக்குது” என்பார், ஏதோ கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர் போல. பிறகு அந்த இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஷெட் கதவு மூடும் சத்தம் கேட்கும். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் வராது.

கடைசி நாளைப் பற்றி போஸ்ட்மேன் ஐயா என்னிடம் சொன்னதை, அவர் அனுமதியோடு சொல்கிறேன். கிளினிக் முடிந்து வெளியே வந்திருக்கிறார். டீச்சர் மர நிழலில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் தலை சாய்த்து இருந்திருக்கிறார். “தூங்கறாங்கன்னு நெனச்சேன்மா. எழுப்ப மனசு வரல. நானே கதவைத் திறந்து ஏறி உக்காந்தேன். பாவம், அசந்து போயிருக்காங்க, கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு பேசாம இருந்தேன்.” மடியில் பையை வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்திருக்கிறார். பிறகுதான் தெரிந்திருக்கிறது.

ஐயா, உங்களுக்கு அது மனதை அறுக்கிறது என்று எனக்குத் தெரியும். முன்னாலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். பார்த்திருந்தாலும் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே உயிர் போயிருந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. எங்கள் டீச்சர் அங்கே தனியாகக் கிடக்கவில்லை, பக்கத்து இருக்கையில் நீங்கள் இருந்தீர்கள். அதற்காக இந்தச் சபையில் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பழைய கார் சேகரிப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். இந்தக் கதவு வண்டியின் அசல் அழகைக் கெடுத்துவிட்டது, பழையபடி மாற்றினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். டீச்சரின் மகன் அவரை மரியாதையாக வழியனுப்பிவிட்டு, சாவியை எங்கள் கையில் கொடுத்துவிட்டார். தம்பி, உங்கள் அம்மாவின் தையலில் ஒரு இழையைக்கூடப் பிரிக்கமாட்டோம். மழைக்காலம் வரும்போது அடித்தகரத்துக்குத் துரு வராமல் பார்த்துக்கொள்வதாக டிங்கர் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். மாணவிகளில் இருவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மேல்தெருவில் இன்னொரு வீட்டில், நடக்க முடியாத மகளை ஏற்ற முடியாமல் ஒரு கார் சும்மா நிற்கிறது. அதன் கதவையும் அளந்துவிட்டு வந்திருக்கிறோம். அறுக்கிற வேலை அடுத்த வாரம் தொடங்கும், கை கொடுக்க முடிந்தவர்கள் வாருங்கள்.

அந்த மாணவிகள் இருவரும் கற்று முடிக்கும்வரை டீச்சரின் வண்டியை ஓட்டப்போவது நான்தான். இத்தனை வருடம் உலக வரைபடம் நடத்தியவளுக்கு, இந்த ஊரின் சந்துகளில் திரும்பத் தெரியவில்லை. கிளட்சும் இன்னும் பிடிபடவில்லை. போஸ்ட்மேன் ஐயா, கூட்டம் முடிந்ததும் வாசலிலேயே இருங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு தடவை நின்றுபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை வீட்டில் விட்டதும், நீங்கள் கூப்பிட்டால், நான் உள்ளே வந்து டீ குடித்துவிட்டுத்தான் போவேன்.