மாமா, வந்துட்டீங்களா

சாயங்காலம் ஆறு மணி. செவ்வாய்க்கிழமை. கேப் கோஸ்ட்டுல இருந்து மேற்கால போற கடலோர ரோடு இருக்கே... அதுல ஒரு கோட்டை, அந்தக் காலத்துல அடிமைகள அடைச்சு வெச்சுக் கப்பல் ஏத்தினது. எந்தக் கோட்டைன்னு கேக்காதீங்க. நம்ம கரையில கோட்டைக்கா பஞ்சம்?

செவ்வாய்க்கிழமை கடல்சாமியோட நாள். ஒரு படகு இறங்காது, ஒரு வலை நனையாது. மீன் விக்கிற பொம்பளைங்ககூட கரையில இல்ல. அன்னிக்கு அந்த ரோட்டுல நின்னு கத்தினா நண்டுக்குத்தான் கேக்கும்.

டேய் எபோ, கத கேக்குறப்ப கால உள்ள இழுத்துக்க. இருட்டுல என் மேல பட்டுச்சுன்னா நானே அலறிருவேன்.

இது என் கூட்டாளி குவாமினாவோட தாய்மாமனுக்கு நடந்தது. பேரு கோபினா. அந்தக் கோட்டையில வெளிநாட்டுக்காரங்களுக்குச் சுத்திக் காட்டுறவரு. வெள்ளைச் சட்டை, வாயில தேனு. குவாமினாவும் அவன் அம்மா எஸியும் அவரு வீட்டுலதான் இருந்தாங்க. நம்ம வழக்கம்தான் தெரியுமே, அப்பன் இருந்தாலும் இல்லாட்டியும் மாமன்தான் எல்லாம். அந்தக் காலத்துல பஞ்சம் வந்தா அக்கா தங்கச்சி மகன அடகு வைக்கிற உரிமைகூட மாமனுக்குத்தான். எத்தன மாமன் திரும்பப் போயி மீட்டான்னு மட்டும் யாரும் பேச மாட்டாங்க.

கோட்டைக்குக் கீழ ஒரு அறை. ஜன்னல் கிடையாது. வந்தவங்கள உள்ள விட்டு, கதவச் சாத்தி, டார்ச்ச அணைச்சு ஒரு நிமிஷம் நிக்க வைப்பாரு. அது பல இடத்துல பண்றதுதான். ஆனா இந்த மனுஷன்... அறைக்கு உள்பக்கம் ஒரு பொந்து இருக்கு, ஆள் குந்துற அளவு. அதுல குவாமினாவ உக்கார வெச்சாரு. இருட்டுல அவன் லேசா அழணும். அவ்வளவுதான் வேல. வந்தவங்க பாதிப் பேரு அடிமையாப் போனவங்க வம்சம்; தேடி வந்த மூதாதையே பேசிட்டாங்கன்னு குலுங்கிக் குலுங்கி அழுவாங்க. மாமனுக்குக் கேக்காமலே காச அள்ளிக் குடுப்பாங்க.

குவாமினாவுக்குப் புடிக்கல. "செத்தவங்கள வெச்சு வெளாடுறோம் மாமா"ன்னான்.

"டேய், வர்ற வருஷம் ஒன்னையும் என்ன மாதிரி கைடாக்கி விடுறேன். அதுவரைக்கும் அழு. கதவத் திறந்து நானே கூட்டிட்டு வரப்போறேன், அப்புறம் என்னடா பயம்?"

நம்பினான். மாமனாச்சே.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசியா பன்னெண்டு பேரு. சர்ச்சுக்காரங்க. டார்ச்சு அணைஞ்சுச்சு... அழுக வந்துச்சு. ஆனா அன்னிக்கு ரெண்டு மூலையில இருந்து வந்துச்சு. பய நல்லாத் தேறிட்டான்னு மாமன் நெனச்சுக்கிட்டாரு.

வந்தவங்க பஸ் ஏறிப் போயிட்டாங்க. மாமன் கீழ எறங்கி, டார்ச்சு அடிக்காமலே வாசல்ல நின்னு, "டேய், வாடா போலாம்"னாரு.

உள்ள இருந்து ஒரு குரல். "மாமா, வந்துட்டீங்களா?"

"ஆமாடா. வந்துட்டேன்."

இருட்டுல ஒருத்தன் அவரு தோள உரசிக்கிட்டு வெளிய வந்தான். மாமன் கதவச் சாத்திப் பூட்டிட்டாரு. அப்ப ஒரு வாசன அடிச்சுச்சாம்... பாமாயில். ஒடம்பெல்லாம் பாமாயில் தேச்சு வெச்ச வாசன. அந்தக் காலத்துல அடிமைகள விக்க கப்பல்காரன்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி அப்படித்தானே தேச்சு நிறுத்துவாங்க. அது மாமனுக்குத் தெரியாததா? தினம் அவரே சொல்ற கததானே.

ரோட்டுக்கு வந்துட்டாங்க. மாமன் முன்னால. அவன் பின்னால. தென்ன ஓலச் சத்தம்... அல சத்தம்... வேற எதுவுமே இல்ல. குவாமினா செருப்பு எப்பவும் சப்பக் சப்பக்னு அடிக்கும். அன்னிக்கு அது கேக்கல.

திரும்பாமலே, "செருப்பு எங்கடா?"ன்னாரு.

"எடுத்துட்டாங்க மாமா."

மாமன் நின்னுட்டாரு. அவனும் நின்னான். அப்பத்தான் கோட்டப் பக்கம் இருந்து... தொம். தொம். தொம். கதவத் தட்டுற சத்தம். கூடவே அக்கா மகன் குரல். "மாமா, நான் உள்ள இருக்கேன். மாமா, யாரக் கூட்டிட்டுப் போறீங்க?"

சாவி இடுப்புல இருக்கு. திரும்பி நடந்தா பத்து நிமிஷம். ஆனா திரும்பணும்னா பின்னால நிக்கிறதத் தாண்டித்தான் போகணும்.

மாமன் வீட்டப் பாத்து நடந்தாரு.

வீட்டுல அன்னிக்கும் கரண்ட் இல்ல. எஸியக்கா மண்ணெண்ண விளக்கு வெளிச்சத்துல மக்காச்சோளக் கென்கே உருண்டையும் பொரிச்ச மீனும் வெச்சாங்க. "ரெண்டு பேரும் ஒக்காருங்க"ன்னாங்க. ரெண்டு பேரும்னு சொன்னாங்க, கவனிச்சுக்கங்க. அவங்க கண்ணுக்கு அது குவாமினாதான்.

அவன் சாப்பிடக் கை நீட்டினான்... ரெண்டு கையும் சேந்தே வந்துச்சு தட்டுக்கு. மணிக்கட்டோட மணிக்கட்டு ஒட்டி. ஒரு கைய மட்டும் தூக்க அவனுக்கு வரல.

"எடது கைய எடுடா. தாய் வெச்ச சோத்துல இதென்ன பழக்கம்?"னு எஸியக்கா திட்டினாங்க. அவன் எடுக்கல. "என்ன தம்பி, இவன் பேச்சே காணோம்?"

"அசந்துட்டான்க்கா"ன்னாரு மாமன்.

எனக்கு இதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறல. பயந்தத நான் தப்பு சொல்லல, நானும் பயந்திருப்பேன். ஆனா கூடப் பொறந்தவ மூஞ்சியப் பாத்து, 'அக்கா, இது ஒன் புள்ள இல்ல, ஒன் புள்ள உள்ள கெடக்குறான்'னு ஒரு வார்த்த. நாலு ஆம்பளைங்களக் கூப்பிட்டுப் போயிருந்தா கதவு தொறந்திருக்கும். ஆனா பொந்து விஷயம் வெளிய வந்துரும். வேல போயிரும், வெள்ளச் சட்ட போயிரும். அதான் சொல்லல. அந்தம்மா அவனுக்குப் பாய் போட்டு, போர்வைய இழுத்து விட்டாங்க. மாமன் பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. இத அவரே சாராயம் குடிச்சுட்டு எங்கிட்ட சொன்னாரு. அழுதுக்கிட்டே சொன்னாரு. எனக்கு எரக்கமே வரல.

விடியக்காலையில பாயில ஆளில்ல. பாயில எண்ண பிசுபிசுன்னு இருந்துச்சு. மாமன் கோட்டைக்கு ஓடினாரு.

கதவத் திறந்தாரு. குவாமினா செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். அழுது கத்துவான், அடிக்க வருவான்னு நெனச்சா... அமைதியா பாத்தான்.

"நைட்டே வரலாம்னுதான்டா..."ன்னு ஆரம்பிச்சாரு மாமன்.

"பரவால்ல மாமா. ரொம்ப நேரம் தட்டினேன். அப்புறம் பக்கத்துல இருந்தவரு என் கையப் புடிச்சு, போதும் தம்பி, கை வலிக்கும்னாரு. உள்ள நெறைய பேரு. நகந்து எடம் விட்டாங்க. உன்ன யாரு விட்டுட்டுப் போனதுன்னு கேட்டாங்க. எங்க மாமான்னேன். எங்களையும் மாமாதான்னு நாலஞ்சு பேரு சொன்னாங்க."

மாமன் வாசல்லயே நின்னாரு. உள்ள கால் வெக்கல.

குவாமினா எந்திரிச்சு, அவரத் தாண்டி வெளிய வந்து, வெயில்ல நின்னு கண்ணக் கசக்கினான். அப்புறம் சொன்னான்.

"உங்க பேரு கேட்டாங்க மாமா... சொல்லிட்டேன்."